பழைய ஃபைபர் படகில் ஒட்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கட்டுமரமும் மர வள்ளமும் கிடந்த கரைகளில் ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. அவற்றில் இன்னும் கடலுக்குப் போய்வரும் படகுகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அந்த அவசரத்தில் கட்டியவற்றில் கனம் குறைந்தவையும் உண்டு. இந்த இதழில் பழைய ஃபைபர் படகுப் பழுது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் 28 அடி படகு தூண்டில் வளைவுக் கல்லில் (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்வரிசை) மோதி, அணியத்துக்கு (படகின் முன்முனை) பக்கத்தில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு உடைந்தது. வெளியே இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ஒட்டினார்கள். இரண்டே மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிட்டது. ரெசினில் (இழையை நனைத்து இறுகும் பிசின்) கலப்படமா? உள்பக்கம் தெர்மாகோல் அடைத்து மூடிய பெட்டி, கை போகாது.
— மீனவர், நாகப்பட்டினம் மாவட்டம்

ரெசினைக் குறை சொல்லுமுன், உரிந்து வந்த ஒட்டைத் திருப்பி அதன் உள்முகத்தைப் பாருங்கள். வழவழவென்று, படகின் வண்ணம் லேசாக ஒட்டிக்கொண்டு இருந்தால், பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரத்தின் மேல் ஒட்டியது. படகின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் பிடிப்பு சரியாக இருந்திருக்கிறது, கனம்தான் போதவில்லை. மூன்றாவது வகை அரிது. உரிகிற ஒட்டு பெரும்பாலும் முதல் இரண்டு வகைதான்.

காரணம் எளிது. இறுகிப்போன பழைய ரெசினும் புது ரெசினும் ஒன்றோடொன்று கரைந்து சேராது. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் புதியது நிற்கும். அதனால் பற்றுகிற பரப்பு பெரியதாக இருக்க வேண்டும். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிட்டு மேலே இரண்டு மேட் போர்த்தினால், அலை தட்டும்போது வருகிற வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் போய் விழும். விளிம்பிலிருந்து உரிய ஆரம்பித்தால் பிறகு நிற்காது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுங்கள். டீசல், எஞ்சின் ஆயில் கறை இருந்தால் சோப்பு போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரே திசையில் துடைத்து, உடனே வேறு துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கும் வேலைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிரைண்டர் டிஸ்க் எண்ணெயை நாருக்குள் தள்ளிவிடும். பெயின்ட் தின்னரோ பெட்ரோலோ வேண்டாம், இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

அடுத்து ஒரு ரூபாய் நாணயத்தையோ சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தையோ எடுத்து, உடைந்த இடத்தைச் சுற்றி விரல்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்கு விட்டுப்போன இடம் 'டொப்' என்று பொத்தலாகக் கேட்கும். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள். மோதிய இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற உடைசலைப் போல் இரண்டு மடங்குக்கு உள்ளே அடுக்கு விட்டிருப்பது சகஜம். கோட்டுக்கு உள்ளே இருப்பது அத்தனையும் வெட்டி எடுக்கப்பட வேண்டியது. மூலை வராமல் முட்டை வடிவில் வெட்டுங்கள். மூலை இருந்தால் நாளைக்கு விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

வெட்டியபின் ஓட்டை 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், படகின் கனம் அந்த இடத்தில் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பைச் சுற்றிலும் வெளிப்பக்கமாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஒரு மி.மீ. கனத்துக்கு 12 மி.மீ. சாய்வு என்பது கணக்கு. 6 மி.மீ.க்கு 72 மி.மீ., அதாவது சுற்றிலும் ஏழு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இடமே இல்லாத மூலையில் எட்டு மடங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். நாலு இஞ்ச் கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் டிஸ்க் போட்டுத் தேய்த்தால், அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். அந்த வளையங்கள் ஏறக்குறைய சம அகலத்தில் இருந்தால் சாய்வு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கை அளவு ஓட்டைக்கு 24 x 20 செ.மீ. அளவுக்குத் தேய்ப்பதைப் பார்த்தால் படகுக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

உள்ளே கை போகாது என்கிறீர்கள். அதனால் பின்தாங்கல் ஒன்று வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஒரே ஒரு 450 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட்டை ரெசினில் நனைத்துப் படிய வைத்து இறுக விடுங்கள். உரித்தால் ஒரு மி.மீ. கனத் தகடு கிடைக்கும். அதை 12 x 8 செ.மீ. முட்டை வடிவில் வெட்டி, இரு முகத்தையும் 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நடுவில் இரண்டு துளை போட்டுக் கம்பியைக் கோத்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் உள்விளிம்பைக் கைவிரலில் உப்புத்தாள் சுற்றிச் சுரண்டிவிட்டு, தகட்டின் ஓரத்தில் கெட்டியான ரெசின் பட்டி (தூள் கலந்து குழைத்த ரெசின்) வைத்து, தகட்டைச் செங்குத்தாகத் திருப்பி உள்ளே நுழைத்து, கம்பியால் வெளியே இழுத்து, ஒரு குறுக்குக் குச்சியில் முறுக்கிக் கட்டிவிடுங்கள். இறுகியதும் கம்பியை நறுக்கி, முனையைத் தேய்த்துவிடலாம்.

உங்கள் படகில் இந்தத் தகடு இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். படகு வேலைக்கு வழக்கமாக வாங்குகிற பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான், தெர்மாகோலைச் சர்க்கரை போலக் கரைத்துவிடும். திறந்த ஓட்டைக்குள் ரெசின் ஒழுகினால் உள்ளே தெர்மாகோல் உருகிப் பள்ளமாகி, மிதவைக்கென்று அடைத்தது காணாமல் போகும். வெட்டும்போது தெர்மாகோல் ஈரமாக இருப்பதைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு, பெட்டியின் அடியில் ஒரு வடிகால் துளை போட்டுத் தண்ணீர் இறங்கும்வரை காத்திருங்கள்.

இனி அடுக்கு. 450 கிராம் மேட் ஒன்று ரெசினோடு சுமார் 1 மி.மீ. கனம் தரும், 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) 0.8 மி.மீ. வரை தரும். 6 மி.மீ.க்கு மேட், மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட், மேட் என்று ஏழு அடுக்கு. கணக்குப்படி 6.6 மி.மீ.; மிஞ்சுவது தேய்ப்பில் போய்விடும். ரோவிங் மேல் ரோவிங் வைக்காதீர்கள். இரண்டு ரோவிங்குக்கு நடுவே ரெசின் மட்டும் தேங்கி, அந்த இடத்தில் அடுக்கு விடும். முதலில் வைக்கிற மேட் சாய்வு முழுவதையும் மூடுகிற பெரிய துண்டாக இருக்கட்டும், அடுத்தடுத்தவை சிறியதாகட்டும். சின்னத் துண்டை அடியில் போட்டுப் பெரியதைக் கடைசியில் போர்த்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடைசியில் மட்டம் பார்க்கத் தேய்க்கும்போது, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிற பெரிய துண்டையே தேய்த்து அறுத்துவிட நேரும்.

அளவு: மேட் எடைக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சரிக்குச் சரி. உங்கள் வேலைக்கு மேட்டும் ரோவிங்கும் சேர்த்து 100 கிராமைத் தாண்டாது. பின்தாங்கல், சேதாரம் எல்லாம் போக ரெசின் 300 கிராம் இருந்தால் தாராளம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிற இடம் என்பதால் சாதாரண ஜி.பி. ரெசினைவிடத் தண்ணீரைக் கூடுதலாகத் தாங்குகிற ஐசோ ரெசின் வாங்குங்கள் (இரண்டும் பாலியஸ்டர்தான்). ஒரே மூச்சில் ஏழு அடுக்கையும் வைத்தால் சூடேறி, வெளுத்து, முறுக்கிக்கொள்ளும். நான்கு அடுக்கு வைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் மீதி மூன்றை வையுங்கள். அன்றே வைத்தால் இடையில் தேய்க்க வேண்டாம். ஒரு நாள் கடந்துவிட்டால் 80 நம்பரில் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

மேட்டைப் பிரஷால் இழுக்காதீர்கள், குத்துங்கள். முதலில் இடத்தில் ரெசின் பூசி, மேட்டை அதன்மேல் வைத்து, அடியிலிருந்து ரெசின் ஊறி மேலே வருகிறதா என்று பாருங்கள். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் உள்ள பென்சில் கோடு தெரிய வேண்டும். பல்வரிசை போட்ட இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் காற்றுக் குமிழ் வெளியேறும். வெண்புள்ளியாக நிற்கிற ஒவ்வொரு குமிழும் நாளைய தண்ணீர் தங்கும் இடம்.

கேள்வி: ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூடியால் அளந்து ஊற்றினோம். ஒரு முறை டப்பாவிலேயே புகைந்தது, இன்னொரு முறை மறுநாளும் பிசுபிசுப்பு போகவில்லை.
— படகு உரிமையாளர், காரைக்கால்

மூடியைத் தூர எறிந்துவிட்டு, மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். ரெசினைச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 மில்லி. நம் ஊரில் காலை எட்டு மணிக்கு நிழலில் 1.5 மில்லி, பதினோரு மணிக்கு மேல் 1 மில்லிக்குக் குறைக்கலாம், ஆனால் அதற்கும் கீழே போகாதீர்கள். ஒன்றுக்குக் கீழே போனால் ரெசின் கூழாகும், முழுமையாக இறுகாது. வெயில் அதிகம் என்றால் குறைக்க வேண்டியது கலக்கிற ரெசினின் அளவை. 150 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் கலக்க வேண்டாம். கலக்கியதை ஆழமான டப்பாவில் வைத்தால் சூடு வெளியேற வழியின்றித் தானே புகையும்; அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கடையில் வாங்குகிற ரெசினில் ஆக்சலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்துவது) ஏற்கனவே கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கலக்காதது என்றால் கோபால்ட் தனியாகத் தருவார்கள், ஊதா நிறத்தில் இருக்கும். அதை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனர் சேர்க்க வேண்டும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே சிரிஞ்சை இரண்டுக்கும் பயன்படுத்துவதும் அதே ஆபத்துதான். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம்; உடனே பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

பிசுபிசுப்பில் இரண்டு வகை உண்டு. நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே மட்டும் ஒட்டி, அடியில் கல்லாக இருந்தால் பழுதில்லை. காற்றுப் படுகிற பாலியஸ்டர் ரெசின் மேற்பரப்பில் அப்படித்தான் இருக்கும். அடுத்த அடுக்கு பிடிப்பதற்கு அது நல்லதும்கூட. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்த ஸ்டைரீன் சேர்க்கலாம், இல்லாவிட்டால் ஓ.எச்.பி. ஷீட்டை (தெளிவான பிளாஸ்டிக் தாள்) குமிழ் இல்லாமல் ஒட்டி, இறுகியதும் உரிக்கலாம். நகம் உள்ளே பதிந்தாலோ, மறுநாளும் ரெசின் வாடை தூக்கலாக அடித்தாலோ, கலவை தவறியிருக்கிறது. அதன் மேல் வெயிலைக் காட்டினாலோ ஹார்டனரைத் தடவினாலோ சரியாகாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். வெயிலில் கிடந்த பழைய ஹார்டனரும் காலாவதியான ரெசினும் இதே கோலத்தைக் காட்டும். அதனால் வேலை தொடங்குமுன் 50 கிராம் கலக்கி ஒரு கிண்ணத்தில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: 19 அடி ஃபைபர் போட், 25 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின். எஞ்சின் மாட்டியிருக்கிற பின்பலகை, வேகம் கூட்டும்போது முன்னும் பின்னும் அசைகிறது. போல்ட்டை இறுக்க இறுக்க மேலும் இறங்குகிறது. வெளியில் வெடிப்பு எதுவும் இல்லை.
— கடற்றொழிலாளி, யாழ்ப்பாணம்

போல்ட்டை இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். அசைவு மேலும் கூடினால் எஞ்சினே கடலில் போய்விடும். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே இருக்கிற ஒட்டுப்பலகை மக்கிவிட்டது. போல்ட் துளை வழியாக உப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் இறங்கி, உள்ளே ஊறிக்கொண்டே இருந்திருக்கும். சந்தேகத்தைத் தீர்க்க, உட்பக்கத்தில் நான்கைந்து இடத்தில் 5 மி.மீ. துளை போட்டு, டிரில் முனையில் வருகிற தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. காப்பிப் பொடி நிறத்தில் ஈரமாகப் பிசைய வந்தால் மக்கல். எந்த உயரம் வரைக்கும் மக்கியிருக்கிறது என்று இந்தத் துளைகளே சொல்லிவிடும்.

துளை போட்டு ரெசினை உள்ளே ஊற்றி மக்கிய மரத்தைக் கெட்டியாக்கலாம் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். ஈர மரம் ரெசினைக் குடிக்காது. பாதி இடத்தில் தேங்கி இறுகி, எஞ்சின் அதிர்வில் பொடியாகும்.

உள்தோலைச் சுற்றிலும் 5 செ.மீ. ஓரம் விட்டு வெட்டி எடுங்கள். வெளித்தோலில் கை வைக்காதீர்கள். அதுதான் படகின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. மக்கிய பலகையை உளியால் கடைசித் துணுக்குவரை எடுத்து, வெளித்தோலின் உள்முகத்தை 40 நம்பரில் தேய்த்து, ஒரு வாரமாவது காய விடுங்கள். பழைய பலகையின் கனத்தை அளந்து அதே கனத்துக்குப் புதியது போடுங்கள். 36 மி.மீ. என்றால் 18 மி.மீ. மரைன் பிளை இரண்டு, அல்லது 12 மி.மீ. மூன்று. இந்தியாவில் வாங்கினால் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவும். ஒட்டுவதற்குமுன் எல்லா முகத்திலும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், ரெசினை மரம் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள். இந்த ஒரு வேலைக்கு எபாக்சி (பிடிப்பு அதிகமுள்ள வேறு வகை ரெசின்) வாங்குவது தகும். பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும், மரத்தைவிட்டு நாளடைவில் கழன்றுகொள்ளும்.

வெளித்தோலின் மேல் பல் கரண்டியால் எபாக்சி பட்டியைப் பரப்பி, பலகையை வைத்து, பழைய போல்ட் துளைகள் வழியாகவே நீளப் போல்ட் விட்டு நெருக்குங்கள். ஓரத்தில் சுற்றிலும் பட்டி பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பலகையும் பக்கச் சுவரும் சந்திக்கிற மூலையைப் பட்டியால் பெருவிரல் வளைவுக்கு நிரப்புங்கள். இழைத்துணி கூரான மூலையில் படியாது, குமிழ் விடும். பிறகு உள்தோலுக்குப் பழைய கனம் வரும்வரை எபாக்சியிலேயே நெய்த துணி அடுக்கு, ஒவ்வொன்றும் பக்கச் சுவரில் 15 செ.மீ.யாவது ஏறிப் போக வேண்டும்.

கடைசியாக, இது எல்லாவற்றுக்கும் காரணமான போல்ட் துளை. 12 மி.மீ. போல்ட் என்றால் 18 மி.மீ. துளை போட்டு, முழுவதும் எபாக்சி பட்டியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 12 மி.மீ. துளையிடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மூன்று மி.மீ. எபாக்சிக் குழாய் இருக்கிறது. மரம் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது.

கேள்வி: எபாக்சி உசத்தி என்கிறீர்கள். அப்படியானால் எல்லா ஒட்டையும் எபாக்சியிலேயே போட்டுவிடலாமா?
— வாசகர், தூத்துக்குடி

போடலாம், பிடிப்பு அதிகம்தான். ஆனால் இரண்டு சிக்கல். சாதாரண மேட்டில் இழைகளைக் கோத்திருக்கிற பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைப்பாகவே நின்று மூலையில் படியாமல் எழும்பும். எபாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் சரி. இரண்டாவது, எபாக்சி மேல் பாலியஸ்டர் ரெசினோ ஜெல்கோட்டோ (படகின் வழவழப்பான வெளிப்பூச்சு) சரியாகப் பிடிக்காது. அதனால் எபாக்சியில் போட்ட ஒட்டுக்கு மேல்பூச்சு பெயின்ட்தான். பாலியஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும், எதிர்ப்புறம் பிடிக்காது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் தொடுகிற இடம், கொப்புளம், அதிர்வு அதிகமுள்ள இடம் ஆகியவற்றுக்கு எபாக்சி. மற்ற ஒட்டுக்கு ஐசோ ரெசின் போதும், காசும் மிச்சம். எபாக்சியில் ஹார்டனர் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றவே முடியாது. டப்பாவில் போட்டிருக்கிற விகிதம் போட்டபடி.

கேள்வி: மணலில் இழுத்து இழுத்து ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுப் பகுதி) தேய்ந்துவிட்டது. கடையால் (பின்முனை) பக்கம் நார் தெரிகிறது. வருடத்துக்கு ஒரு தடவை மேட் வைக்கிறோம், நிற்கவில்லை.
— மீனவர், பழவேற்காடு

டிராக்டர் வைத்து இழுக்கிற கரைகளில் இது எல்லாப் படகுக்கும் வருகிறது. நார் தெரிகிற நிலைக்கு விட்டால், ஒவ்வொரு நாளும் நாரின் நுனி வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் வைக்கிற மேட் எப்படி நிற்கும்? படகைக் கவிழ்த்து, தேய்ந்த இடத்தை 40 நம்பரில் வெளுப்பு மறையும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் பத்து நாள் நிழலும் வெயிலுமாகக் காய விடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோதான காலம்.

ஏராவின் குறுக்கே 30, 25, 20, 15 செ.மீ. என்று அகலம் குறைகிற பட்டைகளாக மேட்டும் ரோவிங்கும் மாறி மாறி வையுங்கள். எல்லாப் பட்டையும் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே படி விழுந்து, மணல் அதைப் பிடித்து உரிக்கும். முன்பக்கம் முடிகிற இடத்தில் இன்னும் கவனமாகச் சரித்துத் தேய்த்துவிடுங்கள், இழுக்கும்போது மணல் முதலில் முட்டுவது அங்கேதான்.

அடியில் இரண்டாவது அடுக்கின் ரெசினில் மட்டும் சிவப்பு நிறமியைக் கலந்துவிடுங்கள், எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். மேலே உள்ளது தேய்ந்து சிவப்பு தலைகாட்டுகிற நாளில், படகின் சொந்தத் தோலுக்கு முன்னால் இன்னும் ஓர் அடுக்கு மீதியிருக்கும்போதே, மேல்பட்டையை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கேள்வி: உப்பங்கழியில் எப்போதும் தண்ணீரிலேயே கட்டியிருக்கிற பழைய ஃபைபர் படகு. அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். குத்தினால் காடி வாடையுடன் நீர் வருகிறது. படகு போய்விட்டதா?
— படகு ஓட்டுநர், கடலூர் மாவட்டம்

போகவில்லை. தினமும் கரையேற்றுகிற படகுக்கு இது அநேகமாக வராது. தண்ணீரிலேயே கிடக்கிற படகுக்கு வரும். உப்பு குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் சீக்கிரம் வரும். தண்ணீர் ஜெல்கோட்டைத் தாண்டி மெல்லக் கசிந்து, சரியாக இறுகாமல் மிச்சமிருந்த ரெசின் சேர்மங்களோடு கலந்து புளித்த நீராகிறது. அந்த நீர் வெளியிலிருந்து மேலும் தண்ணீரை இழுத்து ஜெல்கோட்டை உப்ப வைக்கிறது. காசு அகலக் கொப்புளம் நாலைந்து இருந்தால் அவசரமே இல்லை, அடுத்த கரையேற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். கை வைத்த இடமெல்லாம் இருந்தால்தான் அடி முழுவதும் ஜெல்கோட்டை எடுக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கிற நீர் பீய்ச்சும். கெட்டியான அடுக்கு வரும்வரை கிண்ணம் போலத் தோண்டி, நல்ல தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரத்தில் நாலைந்து தடவை கழுவ வேண்டும், ஏனென்றால் உள்ளே மிச்சமிருக்கிற புளிப்பு திரும்பத் திரும்பக் கசியும். பிறகு காய விடுவதுதான் பெரிய வேலை, வாரக்கணக்கில் ஆகும். காய்ந்ததா என்று அறிய, ஓர் அடிச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் ஆவி முத்து முத்தாகப் படிந்தால் இன்னும் காத்திருங்கள். அடைப்பதற்கு எபாக்சியுடன் சிலிக்காத் தூள். டால்க் பவுடரோ சாக்பீஸ் தூளோ கலந்த மலிவான பட்டி தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. மேலே எபாக்சி நான்கைந்து பூச்சு.

கேள்வி: எஞ்சின் கட்டையைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு. பெயின்ட் அடித்தால் திரும்ப வருகிறது.
— வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் ஓடினால் ஏதோ விழுந்த அடி. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்துகொண்டே இருக்கிறது. உங்களுடையது எஞ்சின் கட்டைக்குப் பக்கம் என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும். உள்ளேயிருந்து இரண்டு மூன்று அடுக்கு மேட் ஏற்றி அந்த இடத்தை விறைப்பாக்காமல் வெளியே என்ன பூசினாலும் வெடிக்கும். விறைப்பாக்கியபின், ஒவ்வொரு வெடிப்பையும் முக்கோணச் சுரண்டியால் 'வி' வடிவில் அகலப்படுத்தி, அசிட்டோனில் துடைத்து, 2 சதவீத ஹார்டனர் கலந்த ஜெல்கோட்டைக் கொஞ்சம் மேடாக நிரப்புங்கள், இறுகும்போது சுருங்கும். பிறகு வாட்டர் பேப்பரில் 220, 400, 800 என்று ஏறிப் போய், ரப்பிங் காம்பவுண்ட் போட்டு முடிக்கலாம்.

கேள்வி: தேய்த்த நாளில் உடம்பெல்லாம் அரிக்கிறது. தூங்க முடியவில்லை.
— பட்டறைத் தொழிலாளி, கன்னியாகுமரி மாவட்டம்

வெந்நீரில் குளிக்காதீர்கள், அரிப்பு கூடும். முதலில் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றி, அதன்பிறகு சோப்பு. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டை டேப்பால் கட்டுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது தூசிக்கு மறைப்பே இல்லை, முகத்தில் இறுகப் பொருந்துகிற என்95 முகக்கவசமாவது வேண்டும். ரெசின் வாடைக்கு அதுவும் போதாது, கரித் தூள் வடிகட்டி உள்ள கவசம்தான். வெட்டிய ஃபைபர் துண்டுகளைக் கரையில் போட்டு எரிப்பதை விட்டுவிடுங்கள், அந்தப் புகை மீன் காயவைக்கிற இடம் வரைக்கும் போகும்.

கேள்வி: ஒட்டுப் போட்டபின் எத்தனை நாளில் கடலில் இறக்கலாம்?
— மீனவர், புதுச்சேரி

நம் ஊர் வெயிலில் பாலியஸ்டர் ஒட்டு ஒரே நாளில் தேய்க்கிற அளவுக்கு இறுகிவிடும். ஆனாலும் மூன்று நாள் விடுங்கள். எபாக்சி என்றால் ஒரு வாரம். இறக்குமுன் ஒட்டுப் போட்ட பெட்டிக்குள் கை எட்டுமானால், கரையில் இருக்கும்போதே உள்ளே ஒட்டு மூழ்கும் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெளியே ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். கசிவு இருந்தால் வெள்ளையில் கறுப்பாகக் கோடு விழும். முதல் நாள் ஓட்டத்தில் வலை ஏற்றாமல் போய்வந்து, அதே இடத்தில் மறுபடி நாணயத்தைத் தட்டிப் பாருங்கள்.